மஞ்சூர்–கெத்தை மலைப்பாதையில் மின்சாரமும் குழாய் நீரும் இல்லாத பொதுக் கழிப்பறை: எந்த அமைப்பு நிலைக்கும்?

வினா: குந்தாவாசி

அனைவருக்கும் வணக்கம். மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதையை இங்குள்ள பலர் அறிந்திருப்பீர்கள். 43 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் வண்டிகள் நின்று இளைப்பாறும் அகலமான ஓரம் ஒன்றில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், பொதுக் கழிப்பறை கட்டலாம் என்று எங்கள் ஊரில் பேச்சு எழுந்துள்ளது. திட்ட வரைவு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. நான் சிறு கட்டட வேலைகள் எடுத்துச் செய்பவன். வீடுகளுக்குச் செப்டிக் டேங்க் கட்டிய அனுபவம் உண்டு, ஆளில்லாத இடத்தில் பொதுக் கழிப்பறை கட்டிய அனுபவம் இல்லை.

அந்த இடத்தில் மின் இணைப்பு இல்லை. தண்ணீர் என்று சொன்னால், மழைக்காலத்தில் பாறையிலிருந்து கசிந்து பங்குனிக்குள் வற்றிவிடும் ஓர் ஊற்று மட்டுமே. யானைகள் கடக்கும் பகுதி. கரடியும் காட்டுமாடும் உண்டு. சாதாரண நாட்களில் பேருந்துப் பயணிகளும் தோட்டத் தொழிலாளர்களும், விடுமுறை நாட்களில் சுற்றுலா வண்டிகளும் நிற்கின்றன. சராசரியாக நாளொன்றுக்கு 200 பேர் என்று வைத்துக் கணக்கிடலாம் என எண்ணுகிறேன்.

மூன்று யோசனைகள் வந்துள்ளன. ஒரு விற்பனையாளர் நுண்ணுயிர்த் தொட்டி வைத்தால் கழிவே மிஞ்சாது என்கிறார். மேஸ்திரிகள் சிமெண்ட் உறை இறக்கி, நீர் மண்ணில் உறிஞ்சப்படும் இரட்டைக் குழி போடச் சொல்கின்றனர். ஆசிரியர் ஒருவர் தண்ணீரே வேண்டாத உலர் கழிப்பறையைப் பரிந்துரைக்கிறார். திறப்பு விழா முடிந்து ஓராண்டில் பூட்டுத் தொங்கும் கழிப்பறைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பத்து ஆண்டுகளாவது பயன்படும்படி அமைக்க வேண்டுமானால் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: சாலையோரப் பொறியாளர் (பணி நிறைவு)

வணக்கம். கழிப்பறையின் வகையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த "அகலமான ஓரம்" எப்படி உருவானது என்று பாருங்கள். மலைச்சாலை பெரும்பாலும் மேற்புறத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டி நிரப்பி, தடுப்புச்சுவர் எழுப்பி அமைக்கப்படுவது. ஆகவே பள்ளத்தாக்கை ஒட்டிய பாதி பெரும்பாலும் நிரப்பு மண். அங்கே உறை இறக்கி நாள்தோறும் நீரை உறிஞ்சவிட்டால், தடுப்புச்சுவரின் முதுகுக்குப் பின்னால் நீங்களே நீரைத் தேக்குகிறீர்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைவிற்கொள்ளுங்கள். இந்த மலையின் ஆழமாக மக்கிய மண் நீரேறினால் பிடிப்பை இழந்துவிடுகிறது.

வெட்டிய பக்கத்தில் பாறை அருகில் இருக்கும். குழி தோண்டினாலும் நீர் மண்ணில் வடிகட்டப்படாமல் பாறை விரிசல் வழியே ஓடி, கீழேயுள்ள ஊற்றில் வெளிப்படும். குந்தா ஆற்றுச் சரிவில் இறங்குவது பில்லூர் அணைக்குச் செல்கிறது. கோவைக்குக் குடிநீர் அங்கிருந்தே எடுக்கப்படுகிறது. இரட்டைக் குழி என்பது மோசமான முறையன்று. ஆழமான மண்ணும், குழியின் அடியிலிருந்து நிலத்தடி நீர்மட்டம் வரை போதிய இடைவெளியும் உள்ள சமவெளிக் கிராமத்து வீட்டிற்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. உங்கள் இடத்திற்கு அது பொருந்தாது. கசியாத மூடிய தொட்டி ஒன்றுதான் அங்கே ஏற்றது. இடத்தையும், முடிந்தால், இயற்கையாகவே முன்னால் நீண்டு நிற்கும் மலைமூக்கில் தேர்ந்தெடுங்கள். அடித்தளம் கெட்டியாக இருக்கும், காற்றும் வீசும்.

கட்டுமானத்தைப் பொறுத்தவரை, சுவர், தரை, கூரை மூன்றையும் கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஒரே பெட்டியாக வார்த்துவிடுங்கள். தகரக் கூரை மூடுபனியிலும் ஈரத்திலும் விரைவில் துருப்பிடிக்கும். ஓடு பதித்தால் ஒன்று உடைந்ததும் அதன் பின்னால் ஈரம் தங்கி மற்றவையும் கழன்றுவிடும். தேய்த்து மெருகேற்றிய சிமெண்ட் தளமே போதுமானது. கூரை விளிம்பைச் சுவருக்கு வெளியே இரண்டடியாவது நீட்டி, நீர் சுவரை நோக்கி ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்படி அதன் அடிப்பக்கத்தில் ஒரு வரிப்பள்ளம் வெட்டிவிடுங்கள். கதவில்தான் பொதுக் கழிப்பறைகள் முதலில் சாகின்றன. இரண்டு கீலில் நிற்கும் பிளாஸ்டிக் கதவைத் தவிர்த்து, துத்தநாகப் பூச்சிட்ட தடித்த தகட்டில், சுவருக்குள் புதைத்த சட்டத்தில், மூன்று கனமான கீல்களுடன் அமையுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கூரைமீது வைக்கவே கூடாது. கோடையில் நீரின் மணம் அறிந்து வரும் யானைக்குப் பிளாஸ்டிக் தொட்டி ஒரு பொருட்டே அல்ல. தொட்டி நிலத்திற்கடியில், கான்கிரீட் மூடியுடன் இருக்கட்டும்.

வனத்துறையின் ஒப்புதலும், மலைப்பகுதிக் கட்டுமானத்திற்கான அனுமதியும் வேண்டியிருக்கும். வரைபடம் போடுவதற்கு முன்பே அந்த நிலம் நெடுஞ்சாலைக்கு உரியதா, காப்புக்காட்டிற்கு உரியதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பதில்: மண்புழு

பொறியாளர் ஐயா சொன்ன இடத் தேர்வுடன் முற்றிலும் உடன்படுகிறேன். நான் கழிவு மேலாண்மைப் பயிற்சிகளில் பணியாற்றுபவள் என்பதால், உங்கள் மூன்று யோசனைகளையும் அந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறேன்.

நுண்ணுயிர்த் தொட்டியின் மூலத் தொழில்நுட்பம் இராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் குவாலியர் ஆய்வகத்திலிருந்து வந்தது. தொடர்வண்டிகளிலும் அது பொருத்தப்பட்டது. ஆனால் "கழிவே மிஞ்சாது" என்பது விற்பனைப் பேச்சு. உள்ளே எவ்வளவு நீர் போகிறதோ அவ்வளவு நீர் வெளியே வரும், அதில் நோய்க்கிருமிகள் இருக்கும், அதை எங்கே விடுவது என்ற வினா அப்படியே நிற்கும். காற்றில்லாச் சிதைவு குளிரில் மிகவும் மந்தமாகிறது. உங்கள் உயரத்தில் மார்கழி, தை மாதத்து இரவுகளில் அது பெயரளவுக்கே நடக்கும். யாரேனும் நல்லெண்ணத்துடன் ஆசிட் ஊற்றிக் கழுவினால் அந்தச் சிறிதும் நின்றுவிடும்.

உலர் கழிப்பறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2006 இல் சமுதாய அளவிலேயே அதை அமைத்துக் காட்டியது. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமனுக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மலத்திற்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒரு வழி, கழுவுவதற்குத் தனியிடம், பிறகு ஒரு கை சாம்பல் என்பது அதன் முறை. சாம்பலுக்கு உங்கள் பகுதியில் குறைவில்லை. விறகு எரிக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளில் குவிந்து கிடக்கிறது. இருந்தும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முசிறியில் பயன்படுத்தியவர்கள் நாள்தோறும் வரும் அதே மக்கள். அவர்களுக்குக் கற்பிக்க முடிந்தது. ஐந்து நிமிடம் நின்று போகும் பயணி கழுவுவதற்காக நகர்ந்து உட்கார மாட்டார். நூறு பேரில் பத்துப் பேர் துளைக்குள் நீரை ஊற்றினாலே உலர் அறை சேற்றறை ஆகிவிடும். மேலும், உலக சுகாதார நிறுவனத்தின் 2006 ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 20 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் ஓராண்டுக்கு மேல் சேமித்தால் பாதுகாப்பாகும் மலக்கழிவை, அதற்குக் கீழான வெப்பநிலையில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும். வட்டப்புழுவின் முட்டை அவ்வளவு எளிதில் சாவதில்லை.

ஆகவே மூடிய தொட்டி. அது எவ்வளவு விரைவில் நிரம்பும் என்பதில்தான் உங்கள் திட்டத்தின் உயிர் இருக்கிறது; அதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 200 பேரில் 40 பேர் மலம் கழிக்க, 100 ஆண்களும் 60 பெண்களும் சிறுநீர் கழிக்க மட்டும் வருகின்றனர் என்று கொள்வோம். ஒருவரின் சிறுநீர் கால் லிட்டர், மலம் கால் லிட்டர், கழுவவும் ஊற்றவும் ஒன்றரை லிட்டர் நீர். எல்லாரையும் ஒரே கோப்பைக்கு அனுப்பினால் நாளொன்றுக்கு 360 லிட்டர் தொட்டியில் சேரும். 10,000 லிட்டர் தொட்டி நான்கு வாரத்தில் நிரம்பிவிடும். ஆண்களுக்கு நீரில்லாச் சிறுநீர்க் கோப்பை வைத்து அதைத் தனியே பிரித்தால் 185 லிட்டராகக் குறையும். ஏறக்குறைய ஏழரை வாரம் தாங்கும். பொதுவாக நம் திட்டங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. மிஞ்சியுள்ள 185 லிட்டரில் 105 லிட்டர், சிறுநீர் கழிக்க மட்டும் வந்த பெண்களை மலக்கோப்பைக்கு அனுப்பி, ஒவ்வொருவரையும் நீர் ஊற்ற வைப்பதால் வருவது. அவர்களுக்கும் குந்தி அமரும் சிறுநீர் அறை தனியே அமைத்து, கழுவ அரை லிட்டர் நீர் கொடுத்தால், தொட்டிக்குச் செல்வது 80 லிட்டர் மட்டுமே. அதே தொட்டி நான்கு மாதம் நிற்கும். தொட்டியை மூன்று மடங்கு பெரிதாக்குவதைவிட இரண்டு சிறுநீர் அறைகள் கூடுதலாகக் கட்டுவது மலிவு, வரிசையும் குறையும்.

மலம் கலக்காத அந்தச் சிறுநீரும் கழுவுநீரும் நாளுக்கு 70 லிட்டர் அளவில் இருக்கும். அதை நிரப்பு மண்ணுக்கும் ஊற்றுக்கும் அப்பால், இயற்கைத் தரையில், சம உயரக்கோட்டை ஒட்டி வெட்டிய ஆழமற்ற நீண்ட ஜல்லிப் பள்ளத்தில் விட்டு, மேலே புல்லும் கல்வாழையும் வளர்க்கலாம். சிறுநீர்க் குழாய் மூன்று அங்குலத்திற்குக் குறையாமல், நேராக, நல்ல சரிவுடன், உலோகம் எங்கும் இல்லாமல் இருக்க வேண்டும். சிறுநீர் உப்பு படிந்து கல்லாகும். வளைவுகள்தாம் முதலில் அடைபடும்.

பதில்: கசடு லாரி

இருவர் சொன்னதும் நல்ல யோசனைகள். ஆனால் நான் கழிவுநீர் லாரி ஓட்டும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன், அதனால் கட்டுபவர்கள் கடைசியில் நினைப்பதை நான் முதலில் கேட்கிறேன்: நிரம்பிய தொட்டியை யார், எதைக் கொண்டு, எங்கே எடுத்துப் போவது?

லாரியின் உறிஞ்சுகுழாய் மேலிழுப்பது காற்றழுத்தத்தால். கடல் மட்டத்தில் தண்ணீரைக்கூடக் கோட்பாட்டளவில் பத்து மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது. 1,500 மீட்டர் உயரத்தில் அது எட்டரை மீட்டர் அளவாகக் குறையும். கெட்டியான கசடு என்றால் அதில் பாதியை நம்பினால் போதும். கட்டடத்தைச் சாலையிலிருந்து பள்ளத்தில் இறக்கி, அதற்குக் கீழே தொட்டியையும் வைத்துவிட்டால், அதை எந்த லாரியாலும் காலி செய்ய முடியாது. பிறகு ஆளை இறக்குவார்கள். 2013 ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நச்சுவாயுவில் மனிதர் சாகும் வேலை அது. ஆள் இறங்கத் தேவையே ஏற்படாத வடிவம் வேண்டும். தொட்டியின் அடித்தளம் ஒரு மூலையை நோக்கிச் சரிந்து, அந்த மூலைக்கு நேர் மேலே, சாலையை நோக்கிய பக்கத்தில், கட்டடத்திற்கு வெளியே, பூட்டக்கூடிய திறப்பு ஒன்று இருக்கட்டும். மழைநீர் ஓடிப் புகாதபடி அதன் விளிம்பு தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருக்க வேண்டும்.

எங்கள் குழாயை அடைப்பது கசடு அன்று; பாட்டில், துணி, சானிட்டரி நாப்கின், பான் மசாலா உறை. பெண்கள் பக்கத்தில் ஒவ்வோர் அறையிலும் மூடியுள்ள நாப்கின் தொட்டி இல்லையென்றால், நாப்கின் எல்லாம் மலத்தொட்டிக்குத்தான் வரும்.

கொண்டு செல்லும் இடமும் முன்பே முடிவாக வேண்டும். மேலே உதகையில் காந்தலில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. கீழே பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளுக்காக அமைத்த மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஏற்றுக்கொள்வோம் என்று எழுத்தில் வாங்காமல் அடித்தளம் தோண்டாதீர்கள். வாங்காவிட்டால் முதல் லோடு ஏதாவது ஓர் ஓடையில்தான் கொட்டப்படும். இன்னொன்று, பாதி நிரம்பிய லாரியில் கசடு அலைமோதும். கொண்டை ஊசி வளைவில் அது வண்டியையே சாய்க்கும். ஆகவே தொட்டியின் கொள்ளளவை லாரியின் கொள்ளளவைக் கேட்டு, அதன் முழு மடங்காக வையுங்கள்.

பதில்: கோத்தகிரி மலர்

சகோதரி மண்புழு பெண்களுக்கான சிறுநீர் அறையைச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. நாங்கள் மகளிர் குழுவாக ஒரு சாலையோரக் கழிப்பறையைப் பராமரிக்கிறோம். அங்கே பெண்கள் உள்ளே போகாமல் திரும்பியது நாற்றத்தால் மட்டும் அன்று. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாத இருட்டாலும்தான். கரடி நடமாடும் ஊரில் திருப்பங்கள் கொண்ட நுழைவாயில் வைத்துக் கட்டக்கூடாது. கதவு நேரே சாலையைப் பார்த்திருக்க வேண்டும். மறைவுக்கு முன்னால் இடுப்புயரச் சுவர் போதும். கதவின் கீழே நாய், சிறுத்தைக் குட்டி நுழையும் இடைவெளி விடாதீர்கள். கூரையின் கீழ் ஒளி ஊடுருவும் தகடு பதித்தால் பகலில் விளக்கே வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் கதவுகள் தாமே மூடிக்கொள்ளும்படி கனமாகவும் சற்றுச் சாய்வாகவும் பொருத்துங்கள். இல்லாவிட்டால் குரங்குகள் உள்ளே புகுந்து குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போகும். எங்கள் இடத்தில் திருகு குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு, அழுத்தினால் மட்டும் நீர் வரும் குழாய்களைப் போட்ட பிறகே தண்ணீர் மிஞ்சியது.

தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதையும் வரைவிலேயே எழுதுங்கள். அருகில் ஒரு தேநீர்க் கடைக்கு இடம் ஒதுக்கி, கழிப்பறைப் பொறுப்பையும் அதே உரிமத்தில் சேர்த்தால், நாள் முழுதும் ஒரு கண் அங்கே இருக்கும். தனியாக ஒரு காவலரை அமர்த்திச் சம்பளம் கொடுப்பது எந்த ஊராட்சிக்கும் கட்டுப்படியாகாது.

குந்தாவாசி (வினா எழுப்பியவர்)

அனைவருக்கும் மிக்க நன்றி. மூடிய தொட்டி, ஆண் பெண் இருவருக்கும் தனிச் சிறுநீர் அறைகள், சாலை மட்டத்திலேயே கட்டடம் என்று வரைவை மாற்றுகிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. முதலாவது, தொட்டிக்கு நேர் மேலே திறந்த துளை வைப்பதா, நீரடைப்புள்ள (வளைவில் தங்கும் நீர் நாற்றத்தைத் தடுக்கும்) கோப்பை வைப்பதா? அமெரிக்கக் காடுகளில் துளைக் கழிப்பறைகள் நாற்றமின்றி இயங்குவதாகப் படித்தேன். இரண்டாவது, மழைநீர் மட்டும் போதுமா?

பதில்: மண்புழு

நீங்கள் படித்தது அமெரிக்க வனத்துறையின் வடிவமாக இருக்கும். தொட்டியிலிருந்து 30 செ.மீ. அகலக் கருங்குழாய் ஒன்று கூரையின் உச்சிக்கு மேல் 90 செ.மீ. எழும்பும். வெயிலில் அது சூடாகி, காற்றும் அதன் வாயைக் கடந்து வீச, தொட்டிக் காற்று மேலே இழுக்கப்படும். அறையின் காற்று துளை வழியே கீழிறங்கும். அதனால் நாற்றம் அறைக்குள் ஏறாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அங்கே காகிதம் பயன்படுத்துகின்றனர், நாம் நீர் பயன்படுத்துகிறோம். கீழே குவியல் தெரியும் துளையில் நம் பெண்களும் குழந்தைகளும் உட்காரத் தயங்குவர். ஆடி மாதத்தில் வாரக்கணக்கில் மூடுபனி கவிந்தால் குழாய் சூடாகவும் செய்யாது.

எனவே, கடையில் ரூரல் பேன் என்று கேட்டால் கிடைக்கும் செங்குத்துச் சரிவுள்ள கோப்பையை வாங்குங்கள். அதன் நீரடைப்பு 20 மி.மீ. மட்டுமே; ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரில் எல்லாம் இறங்கிவிடும். வீட்டில் வைக்கும் சாதாரணக் கோப்பைக்கு அதைப்போலப் பல மடங்கு நீர் வேண்டும். கழுவும் நீரே தள்ளும் நீராகவும் அமைவதால் நான் முன்பு போட்ட கணக்கு மாறாது. கோப்பையைத் தொட்டிக்கு நேர் மேலே பொருத்துங்கள். இடையில் வளைகுழாய் வேண்டாம். தொட்டியின் வாயு வெளியேற நான்கு அங்குலக் குழாயொன்றைக் கூரைக்கு மேல் எடுத்து, அதன் வாயில் துருப்பிடிக்காத கம்பிவலை கட்டிவிட்டால் ஈயும் கொசுவும் அடங்கும்.

மழைநீர் போதும். மலம் கழிக்க வரும் 40 பேருக்கு 60 லிட்டர், பெண்கள் சிறுநீர் அறைக்கு 30, தரை கழுவ 30 என நாளுக்கு 120 லிட்டர். தை முதல் பங்குனி வரையான மூன்று மாதத்திற்கு ஏறக்குறைய 11,000 லிட்டர் வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 30 சதுர மீட்டர் கூரையில் 500 மி.மீ. பெய்து ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 12,000 லிட்டர் சேர்ந்துவிடும். ஆகவே 12,000 லிட்டர் நிலத்தடித் தொட்டியும், அதிலிருந்து மேலேற்ற ஒரு கைப்பம்பும், சுவருக்குள் மறைத்த 200 லிட்டர் சிறு தொட்டியும் போதும். சித்திரை, வைகாசிக் கூட்டத்திற்குக் கோடை மழை பொய்த்தால் மட்டும் ஒரு லாரி நீர் வாங்க நேரிடலாம். அந்தச் செலவையும் பராமரிப்புக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பதில்: கசடு லாரி

ஒரு சிறு சேர்க்கை. அடித்தளக் குறி போடும் நாளில், அந்தப் பகுதியில் ஓடும் லாரி ஒன்றை வாடகைக்கு எடுத்து அங்கே வரச் சொல்லுங்கள். எதிரில் பேருந்து வந்தாலும் வழி விடும்படி எங்கே நிறுத்த முடிகிறது, நிறுத்திய இடத்திலிருந்து குழாய் எதுவரை எட்டுகிறது என்று பார்த்து, அந்தப் புள்ளியில் முளைக்குச்சி அடித்துவிட்டு, தொட்டியின் திறப்பை அங்கிருந்து அளந்து வையுங்கள்.